கரிசல் வெடிப்பில் கிடந்த தடம்

இக்கட்டுரையை எழுதியே தீரவேண்டிய கடமை எனக்கு நேர்ந்ததற்கு என் கையெழுத்தே காரணம். அருப்புக்கோட்டையில் இயங்கிவரும் ஓட்ட மன்றம் ஒன்று அண்மையில் வெளியிட்ட மலரை என் மருமகன் அனுப்பியிருந்தான். பழைய ஓட்டங்களின் முடிவுகளைத் தொகுத்த பக்கத்தில், 'மாரிச்சாமி: தடம் விட்டு ஓடினார், நீக்கப்பட்டார்' என்றொரு வரி கண்டேன். மன்றத்தின் குறிப்பேட்டில் அவ்வரியை எழுதியவன் நான். அது பிழை. பிழையென்று மறுநாளே அறிந்தேன், அறிந்ததையும் எழுதினேன். அச்சேறியதோ முதலில் எழுதியது மட்டும். ஆதலால், எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரைத் திங்களில் நான் சென்றுவந்த நான்கு நாள் பயணத்தை நினைவில் நின்றவாறே இங்குப் பதிகின்றேன்.

நான் மாயூரத்தை அடுத்த சிற்றூரில் பிறந்தவன். தமிழாசிரியனாக நாற்பதாண்டுகள் பணியாற்றி ஓய்ந்தவன். மலரை அனுப்பிய மருமகன், என் தங்கை மகன் முத்துக்குமரன், அருப்புக்கோட்டைப் பள்ளி ஒன்றில் ஆசிரியன். அதற்குமுன் மலேயாவின் இரப்பர்த் தோட்டத்தில் எழுத்தனாக இருந்தவன். ஒருவர் முன்சென்று காகிதத் துணுக்குகளைத் தூவ, மற்றையோர் அத்தடம் பற்றிக் காட்டிலும் மேட்டிலும் ஓடும் விளையாட்டை அங்கே வெள்ளையரிடம் கண்டான். அதைக் கொணர்ந்து கரிசலில் நட்டான். ஞாயிறுதோறும் கூடி ஓடினார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, பாளையம்பட்டி எல்லையிலிருந்து திருச்சுழிக் குண்டாற்று மணல்வரை அணிக்கு நால்வராக அஞ்சலோட்டம் நடத்தினார்கள். ஒருவர் ஓடி அடுத்தவர் கையில் அடையாளப் பொருளைத் தர, அவர் தொடர்ந்து ஓடுவது அஞ்சலோட்டம்.

'மாமா, இம்முறை நடுவராகத் தாங்கள் வரவேண்டும். உள்ளூர்க்காரர் யார் நின்றாலும் ஏதேனும் ஒரு தெரு எங்களோடு பேச்சை நிறுத்திவிடுகிறது' என்று அவன் எழுதிய மடலே என்னைப் புறப்படச் செய்தது.

முதல் நாள் பிற்பகல், விருதுநகரில் பேருந்து ஏறினேன். என் காலடியில் ஒரு மிளகாய் மூட்டை. மடியில் யாருடையதோ ஒரு கூடை. பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் என் மேலாடையின் வெண்மையைப் பார்த்து, நான் அயலான் என்று தெளிந்தார்.

"எந்த ஊருய்யா?"

"மாயூரம்."

"தண்ணி ஊரு. அங்கன இருந்து இங்கன என்ன சோலியா வாரீக?"

"ஓட்டப் பந்தயம் காண."

அவர் வெளியே வெறுங்காட்டைக் கைகாட்டினார். "வெள்ளாம இல்லாத வருசமெல்லாம் நாங்க ஓடிக்கிட்டுத்தான் இருக்கோம். அதப் பாக்க டிக்கட்டு எடுத்து வந்தீகளாக்கும்."

பின்னிருக்கையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆயினும் என் கண் வெளியேதான் இருந்தது. எங்கள் பக்கத்தில் பார்வையை நிறுத்த நூறடிக்கு ஒரு தென்னந்தோப்போ வாய்க்கால் வரப்போ வந்து நிற்கும். இங்கே பார்வை தடுப்பாரின்றிச் சென்றுகொண்டே இருந்தது. அறுவடை முடிந்த கருநிலம், ஆங்காங்கே உடைமரம், அதற்கப்பால் வானம். வானம் இத்துணைப் பெரிது என்பதை அறுபது அகவைக்குமேல்தான் கண்டேன்.

மருமகன் வீட்டை அடைந்ததும் வெண்கலக் குவளையில் சூடாக ஏதோ தந்தான். பால் என்றெண்ணிப் பருகினேன். கருப்பட்டியும் சுக்கும் மணக்க, நாவில் ஒருவகை மென்கொழுப்புப் படிந்தது.

"பருத்திப்பால், மாமா. கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்தது."

உடுக்கும் பொருளைப் பருகவும் செய்யலாம் என்று அதுவரை நான் எண்ணிப்பார்த்ததில்லை. இன்னொரு குவளை கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இரண்டாம் நாள் கூடியோடும் ஓட்டம். வெயில் தாழ்ந்த வேளையில் ஊர்ப்புறத்து ஊருணிக் கரையில் இருபதுபேர் கூடினர். கடைத்தெரு வணிகர் வீட்டு இளைஞர் பலர். தறி நெய்வோர் சிலர். பள்ளி எழுத்தர் ஒருவர். எல்லாருக்கும் வெறுங்கால். இவர்களுள் ஒருவர் மட்டும் சற்று ஒதுங்கி, உடைமரத்தில் கைவைத்து நின்றார். முப்பது அகவையை நெருங்கியவர்; உடம்பில் வேண்டாத தசை ஒரு துளியும் இல்லை. அவரே மாரிச்சாமி.

பருத்தி அரவை ஆலையில் மூட்டை சுமப்பவர் அவர் என்று மருமகன் சொன்னான். திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர். தந்தையும் தாயும் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தோர். காலையில் ஊரிலிருந்து ஆலைக்கு ஓடிவருவார், நாள்முழுதும் சுமப்பார், மாலையில் ஓடித் திரும்புவார். போகவர ஏறத்தாழப் பதினாறு கல் தொலைவு. பேருந்து இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு அவரே விடை சொன்னார்.

"பஸ்ஸு நிக்கிற எடத்துலயெல்லாம் நிக்கிதுய்யா. எனக்கு நேரமாயிரும்."

அவரை மன்றத்தில் சேர்த்து மூன்று திங்களே ஆகியிருந்தன. கூலிக் குடும்பத்திலிருந்து வந்த முதல் உறுப்பினர் அவர்தாம். சேர்க்கும்போது எதிர்ப்பும் இருந்தது என்று மருமகன் தாழ்ந்த குரலில் சொன்னான். எதிர்த்தோர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: அவன் காட்டுவழி அறிந்தவன்; தடத்தை விட்டுக் குறுக்கே போய்விடுவான்.

"தடம் விட்டு ஓடினால் என்ன செய்வீர்கள்?"

"நீக்கிவிடுவோம், மாமா. யாராக இருந்தாலும். இரண்டாம் வாய்ப்பு இல்லை. இவருக்கு அது தெரியும். அதனால் வளைவு இருந்தால் வளைந்தே ஓடுகிறார், முனையைக்கூட வெட்டுவதில்லை."

இம்மன்றத்தில் இன்னும் இரு வழக்கங்கள் இருந்தன. ஓடும் வேளையில் முதலாளி, தொழிலாளி இல்லை. எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லி, 'ஏலே' என்றே அழைத்தல் வேண்டும். தவறினால் ஒரு சொம்பு நீராகாரத்தை மூச்சுவிடாமல் குடிக்க வேண்டும். மற்றொன்று, தடம் இட்டவர் பந்தயம் முடிந்து நடுவர் குறிப்பேட்டில் கையெழுத்திடும்வரை வாய் திறத்தல் கூடாது. முன்னொரு முறை தடமிட்டவர் தம் அணியினருக்குக் கண் காட்டியதால் விளைந்த விதி அது.

அன்றைய ஓட்டத்தை மிதிவண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து பார்த்தேன். வண்டிப்பாதையில் நான் குலுங்கிக்கொண்டிருக்க, அவர்கள் உழவுகாலுக்கும் முள்ளுக்கும் நடுவே பேசிக்கொண்டே ஓடினார்கள். முன்னே ஓடியவன் இராசேந்திரன். மாரிச்சாமி மூட்டை சுமக்கும் ஆலை முதலாளியின் மகன், அருப்புக்கோட்டை அணியின் தலைவன். அவனுக்கு இரண்டடி பின்னால் மாரிச்சாமி. முந்த முடிந்தும் முந்தவில்லை என்பது எனக்கே விளங்கிற்று.

"ஏலே மாரி, முன்ன போலே. என்னமோ கல்யாண ஊர்வலத்துல வாரவன் மாதிரி பின்னாலயே வார" என்றான் இராசேந்திரன்.

"வாரேன்... வாரேன்."

"யாருகிட்ட வாரேங்கிற? பேரச் சொல்லுலே."

மாரிச்சாமி புன்னகைத்தார், பெயர் மட்டும் வாயில் வரவில்லை. ஓட்டம் முடிந்ததும் தாமாகவே சென்று சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்தார். "மூணு மாசமா இவுகளுக்கே பாதிப் பானை போகுது" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தனர். பின்பு கம்பங்கூழும் சுட்ட மிளகாயும் உண்டோம். எங்கள் ஊரில் இலையைச் சுற்றி நீர் தெளித்து உண்ணத் தொடங்குவோம். இங்கே கை கழுவிய நீரும் ஒரு முருங்கைக் கன்றின் வேரில்தான் விழுந்தது. எவரும் சொல்லாமலே எல்லாரும் அக்கன்றின் முன் சென்று கை நீட்டினர். அதைக் கண்ட அன்றுமுதல் நான் நீர் தெளிக்கும்போது என் விரல்கள் தயங்குகின்றன.

மூன்றாம் நாள் பந்தயம். அருப்புக்கோட்டை அணி ஒன்று, பாளையம்பட்டி அணி ஒன்று. ஆள் குறைந்த பாளையம்பட்டி அணியின் நான்காமவர் மாரிச்சாமி. அருப்புக்கோட்டையின் நான்காமவன் இராசேந்திரன். கைமாற்றும் பொருள் தறியில் இங்குமங்கும் ஓடும் நாடா. முனையிரும்பு கழற்றிய பழைய மர நாடா.

தடம் எதனால் இடுவது என்பது இவர்களுக்குத் தீராத இடர். காகிதத்தைக் காற்றுக் கொண்டுபோயிற்று. சுண்ணாம்பு தூவியபோது நிலத்துக்காரர்கள் தடியோடு வந்தனர். இம்முறை புதிய ஏற்பாடு: பருத்திக்கொட்டை. இராசேந்திரன் அறியாமல், அவன் தந்தையின் ஆலையிலிருந்தே இரு மூட்டை வந்தது. வெண்பஞ்சு ஒட்டிய கொட்டை கருநிலத்தில் தெளிவாகத் தெரியும், காற்றுக்கு அசையாது, நிலத்தையும் கெடுக்காது. முத்துக்குமரன் முந்தைய இரவிலும் விடியலிலுமாகப் பதினொரு கல் தொலைவும் தூவி முடித்தான். கடையிலும் பள்ளியிலும் வாழ்வோர் கண்ட ஏற்பாடு அது. ஆடு வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார். கேட்கத் தோன்றவில்லை. மாரிச்சாமியிடம் சொல்லவுமில்லை, ஓடுவோர் தடப்பொருளை முன்னறிதல் கூடாதென்பது விதி.

தொடக்கக் கொடியை அசைத்துவிட்டு முடிவிடம் செல்லப் பேருந்து ஏறினேன். பாதி வழியில் சக்கரம் காற்றிழந்தது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்து, எவரிடமும் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலை போட அமர்ந்துவிட்டார். பயணிகளும் அவ்வாறே அமர்ந்தனர். எங்கள் ஊரானால் இதற்குள் மூன்று குழுக்களாகப் பிரிந்து வழக்காடியிருப்போம்.

நான் சாலையோரம் நின்று நிலத்தை நோக்கினேன். அப்போது ஒரு காட்சி கண்டேன். சற்றுத் தொலைவில் நாற்பது ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, தலை தாழ்த்தி, நூல் பிடித்தாற்போல் சென்றன. தொழுகைக்குச் செல்லும் அடியார் வரிசைபோல் இருந்தது. இந்நாட்டின் ஆடுகளுக்கும் இத்துணை ஒழுங்கு உண்டோ என்று வியந்து, என் சிறு ஏட்டில் குறித்தும் வைத்தேன். கற்றவன் கண்ணில் பட்டதற்கும் கருத்தில் பட்டதற்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்பதற்கு அக்குறிப்பு இன்றும் சான்றாக என்னிடம் உள்ளது.

ஒருவழியாகத் திருச்சுழியை அடைந்தேன். நீரற்ற குண்டாற்று மணலில் நாற்பதுபேர் திரண்டிருந்தனர். வீரசோழத்து வணிகர் காதர் மைதீன் நன்னாரி நீர் நிரம்பிய பானைகளோடு நின்றார். ஆண்டுதோறும் ஓடுவோர்க்கு வழங்குவது அவர் வழக்கமாம். தடம் தூவிய என் மருமகன் விதிப்படி வாய்மூடி ஒரு கல்லின்மேல் அமர்ந்திருந்தான்.

சற்றுநேரத்தில் மேற்கே ஒரு புள்ளி தோன்றியது. புள்ளி நெடுத்து மனிதனாயிற்று. அவ்வோட்டத்தை எவ்வாறு எழுதுவதென்று பலமுறை முயன்று விட்டிருக்கின்றேன். விரைவு கண்டு நான் வியக்கவில்லை. இரு தோள்களும் அசையவில்லை. நிறைகுடம் தலையிலிருப்பதுபோல் உடல் நின்றது. கீழே கால்கள் மட்டும் நிலத்தோடு ஏதோ பேசிவந்தன. கண்கள் முடிவுக்கோட்டை நோக்கவில்லை, மண்ணையே நோக்கின. வெற்றுவெளியில் வலப்புறம் வளைந்தார். பின் இடப்புறம் வளைந்தார். நேரே வரலாமே என்று கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார். கோட்டைக் கடந்து, நாடாவை என் கையில் வைத்து, "வந்துட்டேன்யா" என்றார் மாரிச்சாமி.

இராசேந்திரன் வரவில்லை. அரைமணி கழிந்து, யாருடைய மிதிவண்டியிலோ ஏறிச் சாலைவழியே வந்தான். முழங்கால் முழுதும் முள் கிழித்திருந்தது.

"கம்மாக் கரைய விட்டு எறங்குனதுல இருந்து தடமே இல்லய்யா. ஒரு கொட்டை கெடையாது. மூணு தரம் திரும்பிப் போய்த் தேடிட்டு, விதிப்படி நின்னுட்டேன்" என்றான். கூட்டம் மாரிச்சாமியை நோக்கிற்று.

நான் கேட்டேன்: "தடம் இல்லாத வழியில் எவ்வாறு வந்தீர்?"

"தடத்துலதான் வந்தேன்யா. ரெட்டப் பனை, அங்கிட்டு ஓடை திரும்புற எடம், அப்பறம் இந்த மேடு. கொட்டைய ஆடு தின்னுருச்சு."

பெருஞ்சிரிப்பு எழுந்தது.

"ஆடு தின்னுருச்சாம்லே."

"வீட்டுப்பாடத்தையும் ஆடுதான் திங்கும்."

நாற்பதாண்டுகள் இத்தகைய விடைகளையே கேட்டுக் கேட்டுப் பழகியவன் நான். நானும் சிரித்தேன். இராசேந்திரன் சிரிக்கவில்லை. "இவன் ஊரு இங்கன பக்கத்துலதான்யா. கண்ணக் கட்டி விட்டாலும் வந்து சேந்துருவான். நான் பொய்யினு சொல்லல. தடம் இல்லாத எடத்துல தடத்துலதான் வந்தேன்னா எப்படிய்யா?" என்றான். ஞாயமான வினா.

காதர் மைதீன் மெல்ல அருகில் வந்தார். "அய்யா, ஒரு ராத்திரி பொறுத்து எழுதலாமே."

குறிப்பேட்டில் கையெழுத்திட்ட பின்னரே நன்னாரி நீர் வழங்குவர். அனைவரும் வெயிலில் நின்றனர். என் மருமகன் கல்லின்மேலிருந்து எழுந்து, வாய் திறவாமல், கைகளைப் பிசைந்தபடி என்னை நோக்கினான். அவனுக்கு நீர்வேட்கை என்று எண்ணிக்கொண்டேன். மையூற்றுக் கோலைத் திறந்து, நீங்கள் மலரில் காணும் அவ்வரியை, என் மாணவர் புகழும் அழகிய கையெழுத்தில் எழுதி ஒப்பமிட்டேன்.

மாரிச்சாமி சினக்கவில்லை. நன்னாரி நீர் பருகவுமில்லை. துண்டை உதறித் தோளில் இட்டு, "நாளைக்கு ஆலைக்கு வரணும், போறேன்யா" என்று சொல்லி ஆற்றைக் கடந்து நடந்தார். நடந்தார் என்பதை அழுத்திச் சொல்கின்றேன். அவர் நடந்து செல்வதைத் தாம் அன்றுதான் கண்டதாகக் காதர் மைதீன் சொன்னார்.

திரும்பும் பேருந்தில் மருமகன் பேசினான். "கையெழுத்துப் போட்டாச்சு, இனி நான் பேசலாம். அவர் சொன்ன இரட்டைப் பனை, ஓடைத் திருப்பம், மேடு, எல்லாம் நான் கொட்டை இட்ட வழிதான் மாமா. கடைசியில் வலமும் இடமுமாக வளைந்தாரே, அதுவும் நான் வேண்டுமென்றே வளைத்த வளைவு. குறுக்கே வருபவனுக்கு அந்த வளைவு எப்படித் தெரியும்?"

அவரை மன்றத்துக்குள் கொணர்ந்தவன் இவன். இவன் சொல் கேட்டு நான் மாற்றினால் மருமகனுக்காக மாமன் மாற்றினான் என்பர். அதைவிட என்னை வருத்தியது வேறொன்று. வண்டி, காலையில் நின்ற இடத்தைக் கடந்தது. நூல் பிடித்தாற்போல் சென்ற ஆடுகள் என் கண்முன் வந்தன.

நான்காம் நாள் காலை முதல் வேலையாக ஆலைக்குச் சென்றேன். மாரிச்சாமி முதுகில் மூட்டையோடு நின்றார். அவ்விடத்தைச் சென்று பார்க்க வேண்டும் என்றேன். "வேல கெடக்குய்யா" என்றார். உள்ளிருந்து வந்த இராசேந்திரன் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தான்.

"மூட்டைய எறக்குலே. நானும் வாரேன். எனக்கும் ராத்திரியெல்லாம் இவன் வளைஞ்சு வந்ததா அங்கன சொன்னதுதான் மனசுல நின்னுச்சு."

மூவரும் பேருந்தில் சென்று இறங்கிக் கண்மாய்க்கரை நோக்கி நடந்தோம். அங்கே ஒரு நடுவயதுப் பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். காளியம்மாள் என்பது பெயர், மாரிச்சாமியின் ஊர்க்காரர்.

"ஏத்தா, நேத்து ஒங்க ஆடு இங்கன என்ன தின்னுச்சு?" என்றான் இராசேந்திரன்.

"அத ஏன் கேக்கீக. எந்தப் புண்ணியவானோ எங்க ஆட்டுக்குக் கோடு போட்டுத் தீவனம் வச்சுட்டுப் போயிருக்கான். ஒண்ணு விடாம நக்கிட்டுப் போச்சுக. இன்னைக்கும் அதே எடத்துல போய் நின்னுக்கிட்டு என்னையப் பாக்குதுக. இன்னைக்கும் வைப்பீகளா?"

இராசேந்திரன் வாய்விட்டுச் சிரித்தான், பின்பு மாரிச்சாமியை நோக்கி, "ஒன் ஊர்க்காரவுக சாட்சி. ஊருல செல்லாதுலே" என்றான். உண்மைதான்; எனக்கும் கவலை அதுவே.

எவ்வாறு தடம் அறிந்தார் என்று மாரிச்சாமியைக் கேட்டேன்.

"ஆடு மேஞ்சா அகலிச்சு மேயும்யா, காடு பூராம் காலு இருக்கும். நேத்து ஒரு மொழ அகலத்துக்குத்தான் காலு. அப்படிப் போனா கீழ கோடு போட்டு என்னமோ கெடந்துருக்கு. மொத மூணு பேரு ஓடுனது கொட்டைத் தடம். அப்ப இதுவும் கொட்டைதான். அது வளைஞ்ச எடத்துல நானும் வளைஞ்சேன்."

அக்குளம்பு வரிசையைக் காட்டும்படி கேட்டேன். இரவு வீசிய காற்று நிலத்தைத் துடைத்திருந்தது. சோளத்தாள் மட்டும் நின்றது. நான்கு திசையும் ஒரே கருமை. வெயில் ஏறிற்று. மன்றக் குறிப்பேட்டில் நான் எழுதிய வரி அப்படியே நின்றுவிடும் என்று தோன்றியது.

மாரிச்சாமி வெகுநேரம் அசையாமல் நின்றார். கோடையில் கரிசல் வெடிக்கும் என்பதைப் படித்திருக்கின்றேன், பார்த்ததில்லை. கை நுழையும் அகலத்தில், முழங்கை ஆழத்துக்கும் கீழே, நிலம் முழுதும் வெடிப்புகள். அவற்றுள் ஒன்றின் அருகே அவர் குந்தினார். பின் தலைதூக்கி அழைத்தார்.

"ஏலே ராசேந்திரா, இங்கன குனிஞ்சு பாரு. ஆட்டு நாக்கு வெடிப்புக்குள்ள போகாதுலே."

அப்பெயரை அவர் சொன்னதை இராசேந்திரன் கவனித்தானா என அறியேன். அவன் அதற்குள் மண்டியிட்டிருந்தான். நீண்ட உடைமுள் ஒன்றை ஒடித்து வெடிப்புக்குள் விட்டுக் கிளறினான். முள்முனையில் வெண்மையாக ஒன்று மேலே வந்தது. உள்ளங்கையில் வைத்து ஊதி, நகத்தால் சுரண்டி, கதிரவனுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். நான்கு தலைமுறையாகப் பருத்தி பார்க்கும் குடும்பத்துக் கண் அது.

"எங்க ஆலைக் கொட்டைதான்யா. பஞ்சு ஒட்ட வெட்டியிருக்கு பாருங்க, இது மிசின் வெட்டு. செடியில இருந்து விழுந்ததுனா பஞ்சு நீளமா இருக்கும். அதுலயும் இது சோளக்காடு. இங்க பருத்தி எங்கிட்டு இருந்து வரும்?"

அடுத்த வெடிப்பிலும் கிடந்தது. அதற்கடுத்ததில் இரண்டு. நானும் மண்டியிட்டேன். என் வெள்ளாடை கருத்தது, முழங்கால் சுட்டது, அவை எனக்கு உறைக்கவே இல்லை. வெடிப்புக்கு வெடிப்பு, மேலே ஒன்றுமில்லாத நிலத்தின் அடியில், முந்தைய நாள் தடம் முழுதாகக் கிடந்தது. இரட்டைப் பனையைத் தொட்டு, ஓடைத் திருப்பத்தில் திரும்பி, மேட்டருகே வலமாக வளைந்து, இடமாக வளைந்து சென்றது. வளைவுக்கு வெளியே இருந்த வெடிப்புகளைத் துழாவினோம். ஒரு கொட்டையும் இல்லை. வாழ்நாளெல்லாம் ஏடுகளைப் படித்தவன், நிலத்தை அவ்வாறு எழுத்தெழுத்தாகப் படித்தது அன்று ஒருநாள்தான். ஓடும் விரைவிலேயே அதைப் படித்தவரோ என் பின்னால் அமைதியாக நின்றிருந்தார்.

"நான் பாத்துட்டேன்யா. எங்க வேணும்னாலும் சொல்லுவேன்" என்றான் இராசேந்திரன். பின்பு மாரிச்சாமியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். "நேத்தே வெடிப்பக் காட்டியிருக்க வேண்டியதுதானலே."

"நேத்து எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தீகளேப்பா."

அன்று மாலை மன்ற அறையில் அனைவர் முன்னிலையிலும் குறிப்பேட்டைத் திறந்தேன். உறுப்பினர் ஒப்பத்துடன் மாரிச்சாமி மீண்டும் சேர்க்கப்பட்டார். வெற்றியும் பாளையம்பட்டி அணிக்கே ஆயிற்று. திருத்தம் எழுதவேண்டிய பக்கத்திலோ இடமில்லை. முதல் வரியை அடித்துவிடலாம் என்றனர். எழுதப்பட்டதை அழித்தல் கூடாது, பாடத்தை அவ்வாறே வைத்துக் குறிப்பினால் திருத்துவதே புலமை நெறி என்று நான் விளக்கினேன். 'மறுபுறம் காண்க' என்று ஓரத்தில் சிறிதாக எழுதி, தாளைத் திருப்பி, கண்டவற்றை எல்லாம் நிரல்பட எழுதி ஒப்பமிட்டேன்.

மாரிச்சாமி எட்டிப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படிக்க வல்லவர்.

"பொறத்தால எழுதியிருக்கீக. யாருய்யா திருப்பிப் பாப்பாக?"

"படிப்பவர்கள் திருப்பிப் பார்ப்பார்கள்" என்றேன்.

இவ்வாண்டு மலர் தொகுத்தோர் திருப்பிப் பார்க்கவில்லை. அவர்கள்மீது குறையில்லை, ஓரக்குறிப்பின் மை மங்கியிருக்கும். மாரிச்சாமிக்குப் பிள்ளைகள் இருவர் என்றும், பெரியவள் அம்மலரைப் பள்ளியிலிருந்து கொணர்ந்து தந்தைக்குப் படித்துக்காட்டினாள் என்றும், அவர் கேட்டுவிட்டு, 'பொறத்தால வேற இருக்குத்தா' என்று மட்டும் சொன்னதாகவும் மருமகன் எழுதியிருந்தான். அம்மடலைப் படித்த அன்றே இதனை எழுதத் தொடங்கினேன்.

என் நினைவு முதுமையுற்றது. தொலைவுக் கணக்கும், ஆடுகளின் எண்ணிக்கையும், ஆற்றங்கரையில் நின்றோர் தொகையும் பிழைபட்டிருக்கலாம். அவ்வட்டாரப் பேச்சை என் செவி கொண்டவாறே எழுதியுள்ளேன், அதிலும் வழு இருக்கலாம். அறிந்தோர் திருத்தியருள வேண்டுகின்றேன். ஒன்றே ஒன்று: திருத்துவோர் பிழையின் பக்கத்திலேயே, பிழையினும் பெரிய எழுத்தில் எழுதுக. மறுபுறத்தில் எழுத வேண்டா.